வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளவும்

கட்டைவிரலைக் கேட்கும் இடங்களுக்கு
நான் போவதில்லை.
வங்கி, அரசாங்க ஆஸ்பத்திரி,
கைப்பேசி எண் விற்கும் கடை.
காய்ச்சல் வந்தால் பனடோல்.
சம்பளம் உறையில்.

பட்டர்வொர்த் பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக்குப் பின்னால் நின்று
ஒற்றை வளையலுக்கு வாங்கினேன் இந்தப் பெயரை.
ரத்தினமாலா, சின்னக்கண்ணு மகள்.
படத்தில் இருப்பவளுக்கும் எனக்கும்
நெற்றி மட்டும்தான் ஒன்று.
"தமிழச்சி மூஞ்ச யாரு உத்துப் பாக்கப் போறா"
என்றான் விற்றவன்.
பொய் சொல்லவில்லை அவன்.

ஃபெர்ரியில் நின்றபடி
அவள் பிறந்த தேதியை மனப்பாடம் செய்தேன்.
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
தீவு வந்து சேர்வதற்குள்
இருபத்தாறு இருபத்தெட்டானது.

பர்மா சாலைப் பின்சந்தில்
மேடம் கூவின் டோபிக் கடை.
ஹோட்டல் படுக்கை விரிப்புகள்,
யாரோ சிரித்தவை, யாரோ அழுதவை,
எல்லாவற்றுக்கும் ஒரே வெந்நீர்.
ஏழு வருடச் சோப்பு
விரல் ரேகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றது.
மேடம் கூ கையுறை வாங்கித் தந்தார்.
நான் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் பதினொன்று வந்தால்
பாண்டான் கேக் வெட்டுகிறேன்.
மெழுகுவர்த்தியை ஊதும்போது
யாருக்காக வேண்டிக்கொள்வது என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.
செத்துப்போனாளா, அட்டையைத் தொலைத்தாளா,
அவளும் எங்கோ
வேறொருத்தியாக இருக்கிறாளா?

செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.
கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையோடு ஒருத்தி வந்தாள்.
தங்கை கல்யாணத்தில் கொட்டிய கறியாம்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
வாய்க்குள் ஒருமுறை படித்தாள்.
"சுங்கை பக்காப் தமிழ்ப்பள்ளியா?
சின்னக்கண்ணு மவளா?"

பின்கதவு எத்தனை எட்டு,
சாவி எந்தக் கொக்கியில்,
கண்கள் எண்ணத் தொடங்கிவிட்டன.

"ஆளே மாறிட்ட மாலா."
கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
நாலாம் வகுப்பில்
டீச்சர் பையிலிருந்து பத்து வெள்ளி எடுத்தது இவளாம்.
அடி வாங்கியது ரத்தினமாலாவாம்.
மறுநாளிலிருந்து பள்ளிக்கே வரவில்லையாம்.
"ஒன்னத் தேடாத எடமில்ல."

காப்பாரில் ஒருவன்
என்னையும் தேடிக்கொண்டிருக்கிறான்.
தேடுவது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
மோட்டார் சத்தம்,
வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் கழற்றாத தலை.
மன்னிப்புக் கேட்கவும் ஆள் தேடுவார்கள் என்று
முப்பத்து மூன்று வயதில்,
இல்லை முப்பத்தைந்தில்,
கேள்விப்படுகிறேன்.

மன்னிக்க எனக்கென்ன உரிமை?
அந்தப் பிரம்படி என் முதுகில் விழவில்லை.
விழுந்தவை வேறு, அந்தக் கணக்கு வேறு.
ஆனால் அவள் கை நடுக்கம் நிற்கவே இல்லை.
"போவுது விடு" என்றேன்,
ரத்தினமாலாவுக்கு எப்படிப்பட்ட குரல் இருந்திருக்கும் என்று
யோசித்து.

ரசீது எண் 417. பட்டுச்சேலை ஒன்று.
மஞ்சள் கறை, முந்தியில்.
கீழே அவள் கையெழுத்து, என் கையால்.

ராத்திரி மாடியறையில் பை கட்டினேன்.
ஏழு வருடத்தில் மூன்றாவது முறை.
மைலோ டின்னில் எண்ணூற்று இருபது வெள்ளி,
கோலா கெடா வரை பஸ், அப்புறம் லங்காவிப் படகு.
இந்தமுறை ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்,
நானில்லாத ஒருத்தியாக.
அதற்கும் ஓடத்தான் வேண்டுமா என்று
கால்களிடம் யாரும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது
இருட்டில் எலுமிச்சை வாசம்.
முந்தியில் சாறு தடவி வைத்தது நான்தான்.
அலசாமல் விட்டால்
விடிவதற்குள் நிறம் வெளுத்துப்போகும்.
அலசினாலும் வெயில் ஆகாது, நிழலில் ஒருநாள்,
பிறகு துணி மேலே போட்டு, சூடு குறைத்து, இஸ்திரி.
மேடம் கூவுக்குப் பட்டு தெரியாது.

பையைக் கீழே வைத்தேன்.
வியாழக்கிழமை வரைக்கும்
ரத்தினமாலா இருந்தாக வேண்டும்.